ஓடி வந்து நிற்கிற கமரா

1

நேற்றுப் பாண் வாங்கப் போன வழியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மின்சாமான் கடைக் கண்ணாடிக்குள் அந்தக் கமராவைக் கண்டேன். அதே சாம்பல் நிறம், அதே பருத்த வலப்பக்கம். போன வருஷம் நாங்கள் வாங்கும்போது அதற்கென்று ஒரு தட்டும் மேலே ஒரு விளக்கும் இருந்தது. இப்போது வயர்களோடும் உறைகளோடும் ஒரு கூடைக்குள் போட்டு, சிவப்பு மட்டை குத்தி வைத்திருக்கிறார்கள். கழித்துவிடுகிற சாமான். எனக்கு மனம் கேட்கவில்லை. பனிக்குள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரப் பெட்டை உள்ளே இருந்து கை காட்டினாள். என்னை அவளுக்கு மறக்காது. இரண்டு தரம் அவளைப் படாத பாடு படுத்தியிருக்கிறேன்.

அந்தக் கமராவின் கதையைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். பேத்தி அபியைக் கேட்கலாம் என்றால், அவளுக்குத் தமிழ் வாயில் இருக்கிற அளவுக்குக் கையில் இல்லை. மகன் ரவி, "சொல்லுங்கம்மா, நான் எழுதித் தாறன்" என்றான். வேண்டாம் என்று விட்டேன். அவன் எழுதினால் தனக்குத் தோதாக எழுதுவான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப்போக விளங்கும்.

2

நான் இருப்பது சுவிஸில், ரவி வீட்டில். மகள் புனிதம் இருப்பது ஊரில், வெல்லாவெளிப் பக்கம், நான் கட்டிக் குடுத்த வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தானே. அவளுக்குக் கட்டிவைத்தது என் தம்பியின் மகன் யோகனை. பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் வினோ, நாலாம் வகுப்பு. இளையவன் சுதன், இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை.

சண்டை ஆற்றுக்கு மேற்கே எங்கள் படுவான்கரைக்கு வந்தபோது அவர்கள் எல்லாரையும் போல ஓடிப்போய்க் கூடாரத்தில் கிடந்து, பிறகு திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால் வீடு இருந்தது. படப் பெட்டிதான் மழைக்குள் கிடந்து, படங்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிப் போனதாம்.

மாதத்தில் ஓரிரு தரம் புனிதம் தொலைபேசிக் கடைக்கு வந்து கதைப்பாள். 

"எப்பிடிப் புள்ள இருக்கிறீங்க?"

"நல்லா இருக்கம்மா."

"யோகன்?"

"வட்டைக்குப் போயிற்றார்."

வட்டை என்றால் எங்கள் வயல்வெளி. உழவென்றால் வட்டை, அறுவடை என்றால் வட்டை, இரண்டும் இல்லாத காலத்திலும் வட்டை. நல்லா இருக்கம் என்பது காதுக்குச் சரி. கண்ணுக்கு என்ன செய்வது? அடுப்படியில் நிற்கிற மகளை, மாட்டுக்குத் தண்ணி வைக்கிற மருமகனைப் பார்க்க வேண்டும். பவுடர் பூசி ஸ்டூடியோவில் நிற்கிற படம் எனக்கு வேண்டாம். அதனால் ஒரு கமரா வாங்கி அனுப்புவது என்று முடிவெடுத்தேன். என் கைக்காசில்தான்.

ரவிக்கு விருப்பமில்லை. "என்னத்துக்கம்மா கமரா? ஆத்துத் துறையில சோதிக்கிற ஆமிக்காரன் கண்டா ஆயிரம் கேள்வி கேப்பான்."

"ஊரில கலியாண வீட்டுக்கெல்லாம் கமரா வருதாம். என்ட புள்ளைக்கு மட்டும் என்ன கேள்வி?"

"நான் ஒண்டு சொன்னா நீங்க ஒண்டு சொல்லுவீங்க."

ஹோட்டல் குசினியில் வேலை செய்து களைத்து வருகிறவன், கடைக்கு அலையப் பஞ்சிப்படுகிறான் என்று நினைத்தேன். அபியையும் இழுத்துக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம்.

கடையில் ரவி ஒரு மெல்லிய கமராவை எடுத்தான். தீப்பெட்டி மாதிரி பளபளவென்று இருந்தது.

"இது நல்லமம்மா. பத்து மெகாபிக்சல்."

"அதென்ன, வட்டையில விளையிற நெல்லா? கூட விளைஞ்சா நல்லமெண்டு சொல்ல?"

அபி சிரித்துவிட்டாள். "அப்பம்மா, அது படத்தின்ட புள்ளி. கூட இருந்தா பெரிசா அடிக்கலாம்."

"எனக்குச் சுவரில ஒட்ட வேணாம் கிளி. மடியில வைச்சுப் பார்க்கத்தான். இதுக்கு என்ன தீன்?"

"தனிப் பற்றரி. கரண்டில குத்திச் சார்ஜ் பண்ணணும்" என்றான் ரவி.

"வெல்லாவெளியில கரண்ட் வாறதும் போறதும் உனக்கு மறந்து போச்சா மனே?"

பக்கத்தில் இந்தப் பருத்தது இருந்தது. விலை குறைவு. புள்ளியும் குறைவு. அடியைத் திறந்தால் பென்டோர்ச் பற்றரி இரண்டு. சந்திக் கடையில் கிடைக்கிற சாமான். ஒரு காலம் அந்தப் பற்றரியையும் ஆற்றுக்கு அங்கால் கொண்டுபோக விடமாட்டார்கள். இப்போது விடுகிறார்கள் என்று புனிதம் சொல்லியிருந்தாள்.

ரவி அதைக் கையில் எடுத்து என்னை ஒரு படம் பிடித்தான். கமராவின் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தால் முகம் சின்னதாக, உச்சியும் வகிடும் பெரிதாக இருந்தது.

"முகத்த எடுக்கச் சொன்னா பேன் பார்க்கிறியா?"

"நான் உயரம், நீங்க கட்டை. நான் என்ன செய்ய?"

அந்தப் படத்தைக் கடைக்காரப் பெட்டை கடுதாசியில் அடித்தும் தந்தாள். நிறம் எப்படி வரும் என்று காட்டத் தந்தது. மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

எனக்கு இன்னுமொன்று கேட்க இருந்தது. எந்த வீட்டிலும் படம் எடுக்கிற ஆள் படத்தில் இருப்பதில்லை. யோகன் எடுத்தால் யோகன் இல்லை, புனிதம் எடுத்தால் புனிதம் இல்லை. எல்லாரும் சேர்ந்து நிற்க வழி இருக்கா என்று அபியைக் கேட்கச் சொன்னேன். அவள் தன் கைத்தொலைபேசியில் ஆருக்கோ எழுதிக்கொண்டு நின்றாள். நானே கேட்டேன். இந்த நாட்டில் காசு குடுக்கிற இடத்தில், இரண்டு பேரின் சாமானும் சேர்ந்ததா என்று கேட்க ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், "சுசாமன்?" என்று. அந்தச் சொல்லை எடுத்தேன். கமராவைக் காட்டி, என்னை, ரவியை, அபியை, அந்தப் பெட்டையை எல்லாம் விரலால் சுட்டி, "சுசாமன்! சுசாமன்!" என்றேன்.

அவளுக்கு விளங்கிவிட்டது. மெல்லிய கமராவை மேசையில் நிமிர்த்தி வைத்தாள், தொப்பென்று சாய்ந்தது. பருத்ததை வைத்தாள், அது குந்திக்கொண்டு இருந்தது. எதையோ அமத்திவிட்டு, மேசையைச் சுற்றி ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி, பிறகு டிக் என்று அடித்தது. படத்தில் அவளும் இருந்தாள்.

"இதுதான் வேணும்" என்றேன். "யோகனும் ஓடி வந்து படத்தில நிப்பான்."

ரவி சிகரட் பத்தப் போறன் என்று வெளியே போய்விட்டான். நான் சொன்னது நடந்தால் அவனுக்கு எரிச்சல் வருவது வழமைதானே என்று விட்டுவிட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். புள்ளிக் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். பற்றரி எங்கே கிடைக்கும், நிமிர்த்தி வைத்தால் நிற்குமா, இந்த இரண்டையும் பாருங்கள்.

3

யோகன் படத்தில் நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது.

புனிதத்தின் கலியாணத்துக்குப் படம் பிடிக்க ஆற்றுக்கு அக்கரை, எழுவான்கரையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம். அப்போது சுருள் போடுகிற கமரா. யோகன் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தது, தாலி கட்டியது, சோறு குடுத்தது எல்லாம் எடுத்தார். பின்னேரம் பாதையில் ஏறிப் போனார். பாதை என்று நாங்கள் சொல்வது ஆற்றைக் கடக்கிற மிதவையை. அக்கரையில் இறங்கும்போது, சோதிக்கிற இடத்தில் கமராவை வாங்கி, பின்பக்கத்தைத் திறந்து, சுருளை வெளியே இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தானாம் ஒருத்தன். அதில் ஒன்றும் தெரியவில்லை என்று அவனுக்குக் கோபம் வேறு.

மறுநாள் அந்த மனிசன் திரும்பி வந்து வேலி வாசல் கடப்பில் நின்று அழுதார். யோகன்தான் அவரைத் தேற்றினான். "அதுக்கென்ன அண்ணன், மாப்பிள்ளையும் இருக்கு, பொம்பிளையும் இருக்கு. படம் பிறகும் எடுக்கலாம்" என்றான்.

அவன் அப்படியான பிள்ளை. ரவியும் அவனும் மச்சான்மார், ஒன்றாக வளர்ந்தவர்கள். ஆர் உயரம் என்று முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள். நான் உலக்கையை எடுத்து இரண்டு தலைக்கும் மேலால் படுக்க வைப்பேன். உலக்கை ஒரு பக்கமும் சரியாது. அவ்வளவு மட்டம்.

4

கமராவை, களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு இங்கிருந்து போன ஒரு பிள்ளை கொண்டுபோய்க் குடுத்தாள். புனிதம் படங்களைக் கடையில் குடுத்துக் கம்ப்யூட்டரில் அனுப்புவித்தாள். அபிதான் திறந்து காட்டினாள். ரவி வேலையால் வர முதலே பார்த்துவிட்டோம்.

அடுப்படி. புனிதம் குந்தியிருந்து அரிசி களைகிறாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. எலும்பு தெரியக் காய்ந்திருந்தாள். சுதன் வேலியில் ஏறி நிற்கிறான். மாடு ஒன்று முழுப் படத்தையும் அடைத்துக்கொண்டு எங்களையே பார்க்கிறது.

"அப்பம்மா, ஏன் அங்க கதவு இல்ல?" என்றாள் அபி.

பார்த்தேன். நான் போட்ட முதிரைக் கதவு இல்லை. நிலை மட்டும் நிற்கிறது. சாக்குத் தொங்குகிறது. ஓடிப்போயிருந்த காலத்தில் ஆரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீடு இருக்கு என்று சொன்னவள், கதவு இல்லை என்று சொல்லவில்லை. கமரா சொல்லிற்று.

அடுத்த முறை கதைத்தபோது முதலில் கதவைப் பற்றித் திட்டினேன். பிறகு, "மருமகன் எங்க? ஒரு படத்திலயும் காணல்ல" என்றேன்.

"அவர்தானேம்மா எடுக்கிறார்."

"அதுக்குத்தானேகா நான் பார்த்துப் பார்த்து வாங்கினன். அந்தப் பொத்தான அமத்திப்போட்டு ஓடி வந்து நிக்கச் சொல்லு."

"ம்."

இன்னும் படங்கள் வந்தன. கிணற்றடி, முருங்கை மரம், சுதன் அழுகிறது, சுதன் சிரிக்கிறது. யோகன் இல்லை. வினோவும் இல்லை. வினோ எங்கே என்றால் பள்ளிக்கூடம் என்றாள். யோகன் என்றால், "அந்தப் பொத்தான் வேலை செய்யுதில்லம்மா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். ரவி சாப்பிட்டுக்கொண்டே, "நான் அப்பவே சொன்னன், மலிஞ்ச சாமான்" என்றான். என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்.

அந்தக் கிழமைதான் இந்த நாட்டில் இருக்க விடுகிற என் அட்டையைப் புதுப்பிக்கிற அலுவலகத்துக்கும் போனோம். வருஷா வருஷம் அதே கேள்வி: நாட்டுக்குத் திரும்பிப் போக எண்ணம் இருக்கா? நான் வருஷா வருஷம் சொல்வது, "ஓம், நாளைக்கே". மொழிபெயர்க்க வருகிறவர் யாழ்ப்பாணத்து மனிசன். தலையில் கை வைத்தார். "அம்மா, கும்பிட்டன், அப்பிடிச் சொல்லாதேங்கோ. ஒருக்காப் போனா இந்த அட்டை அவ்வளவுதான். திரும்பி வர ஏலாது." எனக்கு விளங்காமலில்லை. ஆனால் பொய் சொல்லி ஒரு அட்டையை வைத்திருக்க எனக்கு வராது. அவர் என்ன மாற்றிச் சொன்னாரோ, அட்டை கிடைத்தது.

5

நான் தெரிந்தெடுத்த சாமான் பழுது என்றால் எனக்கு நித்திரை வருமா? அபியைக் கூட்டிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனேன். அதே கமரா தட்டில் இருந்தது. பெட்டை அமத்தினாள், ஓடி வந்தாள், மினுங்கிற்று, டிக். அபியை அமத்தச் சொன்னேன். டிக். நான் அமத்தினேன். எனக்கும் டிக். படம் எடுக்கிற கமராவில் இது மட்டும் தனியாகப் பழுதாகுமா என்று கேட்பித்தேன். அப்படி வருவது அருமை, தான் கேள்விப்பட்டதில்லை என்றாளாம்.

வீட்டுக்கு வந்து, அபி அடித்துத் தந்த ஊர்ப் படங்களை எல்லாம் மேசையில் பரப்பினேன். கைப்பைக்குள் மடித்து வைத்திருந்த படத்தையும் எடுத்தேன், ரவி கடையில் என்னை எடுத்ததை. என் வகிடு தெரிகிற படம். அதைப் பார்த்துவிட்டு மற்றவற்றைப் பார்த்தேன்.

புனிதம் நிற்கிற படத்தில் அவள் நாடியின் கீழ்ப்பக்கம் தெரிகிறது. உறியில் தொங்குகிற சட்டியின் வாய் தெரியவில்லை, கரிபிடித்த அடி தெரிகிறது. மாட்டின் கண்ணும் படம் எடுத்த ஆளின் கண்ணும் ஒரே மட்டம். முருங்கை மரம் வானத்துக்குப் போகிறது.

படங்களைக் கூட்டி அடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு இருந்தேன். ரவி வேலையால் வந்தான்.

"மனே, இஞ்ச வந்து இரு."

"சாப்பிட்டிற்று வாறன்."

"இரு எண்டன்."

இருந்தான்.

"இது நீ எடுத்தது. என்ட உச்சி தெரியுது. நீயும் யோகனும் உலக்கை வைச்சுப் பார்த்த மட்டம். இது யோகன் எடுத்ததெண்டு உன்ட தங்கச்சி சொல்லுறாள். சட்டியின்ட அடி தெரியுது. என்ட மருமகன் முழங்கால்ல நிண்டா எடுத்தவன்?"

அவன் படத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"வினோதான் எடுக்கிறாள்" என்றான்.

"அப்ப யோகன்?"

"காணல்லம்மா."

உரம் எடுத்து வாறன் என்று எழுவான்கரைக்குப் போனவன். துறையில் அவனுடைய சைக்கிள் சாத்தினபடி நின்றது. ஆளைக் கண்டவர் இல்லை. ஆர் கொண்டுபோனது, எங்கே கொண்டுபோனது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"எப்ப?"

"நீங்க கமரா வாங்கக் கேட்டதுக்கு முதல்."

அப்போதுதான் எனக்கு அவன் கடைக்கு வெளியே போய் நின்றது நினைவு வந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கிறீங்க."

"சொன்னா நீங்க ஏறிப் போயிருவீங்கம்மா. போனா திரும்பி வர ஏலாது. அங்க புனிதத்தோட சேர்த்து உங்களையும் நினைச்சு நான் இஞ்ச என்ன செய்ய? அவள்தான் அழுதழுது சொன்னாள், அம்மாக்குச் சொல்லாத எண்டு."

அவன் சொன்னது பிழையென்று சொல்ல மாட்டேன். போயிருப்பேன். அதற்காக அவனை மன்னித்தேனா என்றால், அது வேறு கதை. கொஞ்ச நாள் அவனோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அபி வந்து என் கட்டிலில் இருப்பாள். இப்படியான ஒன்றைக் கேட்க அவளுக்குத் தமிழும் போதாது, சொல்ல எனக்கு அவளுடைய பாஷையும் இல்லை. பக்கத்தில் இருந்தாள், அதுவே பெரிது.

6

புனிதம் தொலைபேசி எடுக்கும்வரை நான் காத்திருந்தேன்.

"புள்ள, நான் அறிஞ்சிற்றன்."

அவளுக்குப் பின்னால், தொலைபேசிக் கடைக்குள் ஆரோ ஒருவர் ஹலோ ஹலோ என்று கத்துவது மட்டும் கேட்டது.

"பொத்தான் வேலை செய்யும் என்ன?"

"ஓமம்மா." மூக்கை உறிஞ்சினாள். "வினோவுக்கு எல்லாம் தெரியும். நான்தான் அமத்த விடல்ல. எல்லாரும் நிண்டு எடுத்தா ஆள் இல்லாதது தெரிஞ்சிருமே."

பிறகு உடைந்துவிட்டாள். "நீங்க அவர்ட படம் அனுப்பு, படம் அனுப்பு எண்டு கேக்கக் கேக்க எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? என்னட்ட ஒரு படம் இருந்தா நான் காம்ப் காம்பாக் கொண்டுபோய்க் காட்டியிருப்பனே. போற இடமெல்லாம் படம் இருக்கா எண்டுதானே முதல் கேக்கிறாங்க. அடையாள அட்டையும் அவரோட போயிற்று. உயரமான ஆள், நெத்தியில இடிச்ச தழும்பு இருக்கு எண்டு வாயால சொல்லிச் சொல்லி என்ட வாய் நோகுதம்மா."

என்னிடமும் ஒரு படம் இல்லை. அந்த வெயிலில் இழுத்த சுருளை நினைத்தேன்.

"ஆக்கள் பொட்ட அழிக்கச் சொல்லுறாங்களா?"

"நேர சொல்லல்ல. நெத்தியப் பார்த்துப் பார்த்துப் போறாங்க."

"பார்க்கட்டும். இன்னும் பெரிசா வை. ஆள் இல்லையெண்டு கண்டவன் ஆரு?"

"ம்."

"கேள் புள்ள. எல்லாரும் நிண்டு ஒரு படம் எடு. உனக்கும் சுதனுக்கும் நடுவில யோகன் நிக்கிற அளவுக்கு இடம் விடு. நெருக்கி நிரப்பிப் போடாத. ஆள் வந்தா நிக்க இடம் வேணும்."

"என்னத்துக்கம்மா அது?"

"நான் பார்க்க."

படம் போன கிழமை வந்தது. உரலைக் கவிழ்த்து அதன்மேல் கமராவை வைத்திருக்கிறார்கள். நான் நினைத்தபடி அது குந்திக்கொண்டு நின்றிருக்கிறது. சாக்குத் தொங்குகிற நிலைக்கு முன்னால் புனிதம், பெரிய பொட்டோடு. ஒரு எட்டுத் தள்ளிச் சுதன், கையில் மாங்காய். இரண்டு பேருக்கும் நடுவில் வினோ. ஒரு கால் நிலத்தில் படவில்லை, பின்னல் ஒரு பக்கம் பறக்கிறது, பாவாடை புகை மாதிரிக் கலங்கியிருக்கிறது. அவளை ஒரு படத்திலும் கண்டிராததால் எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று இப்போதுதான் பார்த்தேன். தகப்பனுடைய நீட்டுக் கால்.

நேற்று வினோவே தொலைபேசியில் வந்தாள்.

"அம்மம்மா, நான் தம்பிக்கு அங்கால போய் நிக்கத்தான் ஓடினன். போக முதல் அது அடிச்சிற்று."

"பரவால்ல கிளி. வடிவா நிக்கிறாய். அடுத்த முறை அங்கால போய் நில். நடுவில இருக்கிறது அப்பாட இடம்."

"ஓம்."

பிறகு, "அம்மம்மா, உரல்ல வைச்சா அப்பாட தலை வெட்டுப்படும். அவர் உயரம்" என்றாள்.

"அப்ப இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வை மகள்" என்றேன்.